கிராணியார் பதில்கள்: வாளியில் பால் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு?

போன மாதம் கூலாய் வாசகி ஒருவர் வாட்ஸ்அப்பில் பதினொரு படங்கள் அனுப்பியிருந்தார். தொழிலால் சமூகத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்ன தாக்கம் என்று கேட்டு, லண்டன் வாடிக்கையாளர் ஒருவர் அவருக்கு அனுப்பிய படிவம் அது. லாயாங்-லாயாங் கடைத்தெருவில் உட்கார்ந்து, விரலால் இழுத்துப் பெரிதாக்கி, அத்தனையையும் படித்து முடிப்பதற்குள் இரண்டு தே தாரிக் ஆறிப்போனது. அதையொட்டி வேறு சிலரும் கேட்டிருந்தார்கள். ஆகவே இந்த இதழ் முழுக்க அதற்கே. இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), நிலப்பட்டா கேள்விக்காரர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, நானும் என் தோழியும் கூலாயில் ஒரு கடைவீட்டு மேல்மாடியில் டிஜிட்டல் ஏஜென்சி நடத்துகிறோம். மொத்தம் ஆறு பேர். வெப்சைட், ஃபேஸ்புக் விளம்பரம், வீடியோ எல்லாம் செய்கிறோம். நாற்பது வாடிக்கையாளர்கள்: சாப்பாட்டுக் கடைகள், கல்யாண மண்டபம், துணிக்கடை, ஒரு கடன் கம்பெனி, சிங்கப்பூரில் இரண்டு, லண்டனில் ஒன்று. அந்த லண்டன்காரர்கள், எங்கள் தொழிலால் சமூகத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்ன தாக்கம் என்று அளந்து எழுதச் சொல்கிறார்கள். "நம்மிடம் புகைபோக்கியா இருக்கிறது, சைபர் போடு" என்கிறாள் தோழி. சமூகம் என்ற இடத்தில், தோட்டத்து இளைஞர்கள் 200 பேருக்கு இலவசப் பயிற்சி கொடுத்ததை எழுதலாமா? அளக்க முடியாத இடத்தில் இணையத்தில் கிடைக்கும் சராசரியைப் போடலாமா? — கூலாய் வாசகி

பதில்: சைபர் போடாதீர்கள் மகளே. அளந்து பார்த்து ஒன்றும் இல்லை என்று கண்டவர் போடுவது சைபர். அளக்காதவர் அந்தக் கட்டத்தைக் காலியாக விடலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

உங்கள் மாடியில் புகைபோக்கி இல்லைதான். சுவரில் இரண்டு ஏர்கோன் ஓடுகிறதே, அதற்கு வரும் மின்சாரத்துக்கு எங்கோ ஒரு புகைபோக்கி உண்டு. தீபகற்ப மலேசியாவில் இன்னும் நிலக்கரியின் கைதான் ஓங்கியிருக்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ கரியமில வாயு என்று வைத்துக்கொள்ளலாம். எரிசக்தி ஆணையம் வெளியிடும் எண் இது. ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் ஏறி இறங்கும், அதனால் எந்த ஆண்டின் எண்ணை எடுத்தீர்கள் என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். டெனாகா மின்சார பில்லையும் அனுப்பியிருந்தீர்கள், புத்திசாலி. மாதம் 650 யூனிட். ஆண்டுக்கு 7,800. முக்காலால் பெருக்கினால் 5,850 கிலோ, ஆறு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. தோழியிடம் காட்டுங்கள்.

இந்தக் கணக்குக்கு உலகம் முழுக்க ஒரு பேரேடு முறை இருக்கிறது. ஜிஎச்ஜி (பசுமைக்குடில் வாயு) புரோட்டோகால் என்பார்கள், 2001இல் முதல் பதிப்பு வந்தது. மூன்று பெட்டி. உங்கள் இடத்திலேயே எரிவதும் கசிவதும் ஸ்கோப் 1. காசு கொடுத்து வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2. மிச்சமெல்லாம், அதாவது வேலைக்கு வந்து போகும் வண்டி, வாங்கிய மடிக்கணினி, வாடகைக்கு எடுத்த சர்வர், விமானப் பயணம், எல்லாம் ஸ்கோப் 3. அந்த மூன்றாவது பெட்டிக்குள் மட்டும் 15 அறைகள். உங்கள் மாதிரித் தொழிலுக்குப் பாரம் எல்லாம் அதில்தான் போய் உட்காரும்.

அதற்காக ஸ்கோப் 1ஐ வெறும் பெட்டி என்று தாண்டிப் போய்விடாதீர்கள். ஏர்கோன் குளிரவில்லை என்று ஆளைக் கூப்பிட்டு கேஸ் ஏற்றுகிறீர்களே, அது எங்கே போனது? குழாயில் ஓட்டை இருந்து காற்றில் போனது. ஆர்410ஏ என்ற அந்தக் கேஸ் ஒரு கிலோ கசிந்தால் ஏறக்குறைய 2,000 கிலோ கரியமில வாயு விட்டதற்குச் சமம். புதிய ஏர்கோன்களில் வரும் ஆர்32 அதில் மூன்றில் ஒரு பங்குதான், இருந்தாலும் அதுவும் கணக்குதான். கேஸ்காரர் கொடுத்த ரசீதைத் தேடி எடுங்கள். எத்தனை கிலோ ஏற்றினார் என்று எழுதியிருக்காவிட்டால் அடுத்த முறை எழுதச் சொல்லி வாங்குங்கள்.

உங்கள் வீடியோ தம்பி தோட்டத்திலிருந்து காரில் வருகிறார், போக வர 50 கிலோமீட்டர் என்று எழுதியிருந்தீர்கள். ஆண்டில் 240 வேலை நாள், 12,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 ஓடினால் 1,000 லிட்டர் பெட்ரோல். ஒரு லிட்டருக்கு 2.3 கிலோ. ஒரே ஆளின் ஒரே கார் 2.3 டன். வாரம் இரண்டு நாள் அவர் வீட்டிலேயே உட்கார்ந்து வீடியோ வெட்டினால் ஒரு டன் அளவுக்குக் குறையும், அவருக்கும் பெட்ரோல் காசு மிச்சம். வீட்டில் லைன் கிடைக்கிறதா என்பது வேறு கதை.

மடிக்கணினி பற்றி ஒரு வரி. அதன் ஆயுள் முழுக்க வரும் கார்பனில் பெரும் பகுதி நீங்கள் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே, ஆலையிலேயே ஆகிவிடுகிறது. மூன்றாண்டில் மாற்றுவதை ஐந்தாண்டுக்குத் தள்ளினாலே பாதி வேலை முடிந்தது. பழையதைப் பழைய சாமான் வாங்கும் காராங்குனி லாரியில் போடாமல் உரிமம் பெற்ற மின்கழிவுக்காரரிடம் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி அந்த 200 பேர்.

நான் 1981இல் ரப்பர் தோட்ட ஆபீசில் சின்னக் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுகிறவனாகச் சேர்ந்தேன். காலை பதினொரு மணிக்கு மேல் மரம் வெட்டிப் பால் எடுக்கும் வெட்டுக்காரர்கள் காண்டா என்ற தோள்கம்பில் வாளிகளைத் தொங்கவிட்டுப் பால் ஸ்டோருக்கு வருவார்கள். தராசில் எடை போடுவோம். அதோடு முடியாது. பாலில் ரப்பரும் உண்டு, தண்ணீரும் உண்டு. மழை பெய்த மறுநாள் பால் நீர்த்திருக்கும். ஓடைத் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு, பெயர் வேண்டாம், பேரப்பிள்ளைகள் இந்தப் பத்திரிகை படிக்கிறார்கள். அதனால் ஒரு பங்கு பாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, உயரமான ஜாடியில் ஊற்றி, நுரையை விரலால் வழித்துவிட்டு, மெட்ரோலாக் என்ற மிதவையை உள்ளே விடுவோம். அது ஒரு முறை முங்கி எழுந்து நிற்கும். மட்டம் எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதைப் படித்து மூன்றால் பெருக்கினால், பாலில் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று தெரியும். நாற்பது கிலோ சுமந்துவந்தவருக்குச் செக்ரோல் என்ற சம்பளப் பேரேட்டில் விழுவது பன்னிரண்டு, பதினான்கு கிலோதான்.

200 பேருக்குப் பயிற்சி என்பது நாற்பது கிலோ வாளி. கனமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அதில் எத்தனை பேர் கடைசி வகுப்பு வரை வந்தார்கள்? ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் அந்தத் தொழிலால் ஒரு வெள்ளியாவது சம்பாதித்தார்கள்? அவர்களிலும், நீங்கள் இல்லாவிட்டாலும் யூடியூப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கக்கூடியவர்கள் எத்தனை பேர்? 200 பேருக்கும் போன் போட நேரம் இல்லையென்றால் பெயர்களைச் சீட்டெழுதிக் குலுக்கி முப்பது பேரை எடுங்கள். குலுக்கித்தான் எடுக்க வேண்டும். உங்களுக்குத் தீபாவளி வாழ்த்து அனுப்புகிற முப்பது பேரைக் கூப்பிட்டால் எல்லாரும் நல்ல வேலையில்தான் இருப்பார்கள். போனை எடுக்காதவர்கள் எத்தனை பேர் என்பதையும் எழுதுங்கள்.

ஏஜென்சிக்காரர்களுக்கு இன்னொரு வியாதி உண்டு, கோபித்துக்கொள்ளாதீர்கள்: ரீச். ரத்த தான முகாமுக்கு இலவசமாக விளம்பரம் செய்தோம், மூன்று லட்சம் பேரைச் சென்றடைந்தது என்று எழுதுவீர்கள். மூன்று லட்சம் கட்டைவிரல்கள் அதைத் தள்ளிக்கொண்டு போயிருக்கின்றன, அவ்வளவுதான். அன்று எத்தனை பை ரத்தம் சேர்ந்தது, போன முறை எத்தனை என்று முகாம் நடத்தியவரிடம் கேட்டு அந்த இரண்டு எண்ணைப் போடுங்கள்.

வெளியே போவதற்கு முன் வீட்டுக்குள்ளும் பாருங்கள். 2025 ஆகஸ்ட் முதல் எந்த முதலாளியாக இருந்தாலும் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். 5,000 வரை சம்பளம் வாங்குகிறவருக்கு முதலாளி கட்ட வேண்டிய இபிஎஃப் 13 விழுக்காடு. வேலை நேரம் வாரத்துக்கு 45 மணிக்கு மேல் போகக் கூடாது. இவை சட்டம், சாதனைப் பட்டியலில் சேராது. ஆனால் விளம்பரம் காலக்கெடுவுக்குள் போக வேண்டும் என்று இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்த நாட்கள் எத்தனை, பயிற்சிக்கு வந்த மாணவருக்கு என்ன கொடுத்தீர்கள், வெளியாளாக டிசைன் செய்து கொடுத்தவருக்குப் பணம் போய்ச் சேர எத்தனை நாள் ஆனது, இவை மூன்றும் உங்கள் கையிலேயே இருக்கும் எண்கள். லண்டன்காரர் கேட்காவிட்டாலும் எழுதலாம்.

சராசரி எண்ணைப் போடலாமா என்று கேட்டீர்கள். போடலாம். ஆனால் என் கதையைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

ஒரு நாள் ஸ்டோரில் என் கை தவறி மெட்ரோலாக் சிமெண்டுத் தரையில் விழுந்து உடைந்தது. புதியது வர மூன்று நாள். அந்த மூன்று நாளும் எல்லார் பாலுக்கும் நூற்றுக்கு 30 என்று ஒரே கணக்காகப் போட்டேன். தோட்டத்துச் சராசரி அதுதான், தவறான எண் அல்ல. நான்காம் நாள் விடியற்காலை, வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டில் ஓர் அம்மாள் முன்னால் வந்து நின்றார். எழுதப் படிக்கத் தெரியாதவர். மேட்டுக்காட்டு மரம் வெட்டுகிறவர், அவர் பால் எப்போதும் 36க்குக் குறையாது. "கிராணி ஐயா, மூணு நாளா என் பால்ல தண்ணி ஊத்துனது யாரு?" என்று கேட்டார். நாளுக்கு நாற்பது கிலோ பாலில் 2.4 கிலோ ரப்பர், மூன்று நாளில் 7.2 கிலோ அவருக்குக் குறைந்திருந்தது. பெரிய கிராணி முன்னால் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தேன். இதில் இன்னொன்றையும் கவனித்தேன். தண்ணீர்ப் பால்காரர்கள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, அவர்களுக்குத்தான் கூடக் கிடைத்ததே!

ஆக, சராசரியைப் போடுகிற இடத்தில் எல்லாம் "இது சராசரி, இன்ன இடத்திலிருந்து எடுத்தது" என்று எழுதுங்கள். அடுத்த ஆண்டு அளந்தது வந்தால் பழையதை அழிக்காமல் பக்கத்தில் திருத்துங்கள். உங்களுக்குச் சாதகமாக விழுகிற சராசரியை இரண்டு முறை பாருங்கள்.

கடைசியாக, நாற்பது வாடிக்கையாளரில் "ஒரு கடன் கம்பெனி" என்று மூன்று சொல்லில் தாண்டிவிட்டீர்கள். எனக்கு அங்கேதான் கண் நின்றது. ஒரு விளம்பர ஏஜென்சியின் பெரிய தாக்கம் அதன் மின்சார பில்லில் இல்லை, அது யாருக்காகக் கூவுகிறது என்பதில் இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் கடன் கொடுப்போர் சட்டப்படி அவர்களுக்கு உரிமமும் வேண்டும், விளம்பரத்துக்குத் தனி அனுமதியும் வேண்டும். அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டு வட்டி 18 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, அடமானத்தோடு என்றால் 12. இவற்றைக் கேட்டுப் பார்த்தீர்களா? கடன் வாங்குகிறவரின் ஏடிஎம் கார்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தில் சம்பள நாளன்று வட்டிக்காரர் ஆபீஸ் வாசலில் நிற்பார், பின்வழியாகப் போய்த் தப்பித்தவர்கள் உண்டு. இப்போது அவர் கைப்பேசிக்குள் நிற்கிறார். வயது, ஊர், சம்பளம் எல்லாம் குறிவைத்து அவரை அங்கே நிறுத்திக் கொடுப்பது உங்கள் தொழில். வருமானத்தில் எத்தனை விழுக்காடு அந்தக் கம்பெனியிலிருந்து வருகிறது என்று படிவத்தில் எழுதுங்கள். எழுதக் கூச்சமாக இருந்தால் தோழியோடு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் அது.

கேள்வி: ஒரே வெப்சைட்டின் முகவரியை இரண்டு கார்பன் கணிப்பான்களில் போட்டேன். ஒன்று சொன்னதில் பாதிகூட மற்றது சொல்லவில்லை. எது உண்மை? — குளுவாங் வாசகர்

பதில்: இரண்டும் மதிப்பீடு, தம்பி. கம்பியில் மீட்டர் மாட்டி யாரும் பார்க்கவில்லை. பக்கத்தைத் திறந்தால் எத்தனை எம்பி இறங்குகிறது என்று பார்த்து, ஒரு ஜிபிக்கு இத்தனை யூனிட் மின்சாரம் என்று பெருக்குகிறார்கள். சஸ்டெய்னபிள் வெப் டிசைன் என்ற கணக்கு முறையின் பழைய பதிப்பில் ஒரு ஜிபிக்கு 0.81 யூனிட். 2024இல் வந்த நான்காம் பதிப்பு அதைப் பாதிக்கும் கீழே இறக்கிவிட்டது. உங்கள் இரண்டு கணிப்பானும் வேறு வேறு பதிப்பில் ஓடியிருக்கும். கூடவே, பெரும்பாலும் உலகச் சராசரி மின்சாரத்தைத்தான் வைத்துக் கணக்குப் போடுவார்கள். நம் மின்சாரம் அதைவிடக் கரி அதிகம்.

கையால் போட்டுப் பாருங்கள். பக்கம் 2.5 எம்பி, இன்றைக்குச் சாதாரணமாக வெப்சைட்டுகள் இந்த அளவில்தான் இருக்கின்றன. மாதம் 10,000 பேர் பார்த்தால் 25 ஜிபி, ஆண்டுக்கு 300 ஜிபி. பழைய கணக்கில் 243 யூனிட், நம் மின்சாரத்தில் 182 கிலோ. புதிய கணக்கில் அதில் பாதிக்கும் கீழே. மேலே சொன்ன வீடியோ தம்பியின் கார் 2,300 கிலோ. இதைப் பார்த்து வெப்சைட் கணக்கே வீண் என்று நான் ஒரு நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது, கூலாய்க்காரருக்கு வாடிக்கையாளர் நாற்பது. ஒவ்வொருவருக்கும் இப்படி ஒன்று என்றால் பழைய கணக்கில் 7 டன்னைத் தாண்டுகிறது. ஆபீஸ் மின்சாரத்தை விட அதிகம்.

ஏதாவது ஒரு கணிப்பானைப் பிடித்து, பதிப்பு எண்ணைக் குறித்துவைத்து, ஆண்டுதோறும் அதிலேயே போடுங்கள். எங்கள் ஸ்டோர்த் தராசு அரை கிலோ தள்ளித்தான் நிற்கும், எல்லாருக்கும் தெரியும். அதே தராசில் நேற்றைவிட இன்று கூடியதா குறைந்ததா என்று பார்ப்பதில் ஒரு சண்டையும் வந்ததில்லை. வேறு தோட்டத்துத் தராசோடு ஒப்பிட்டபோதுதான் வந்தது.

கேள்வி: வெளியேற்றியதற்கு ஈடாக மரம் நட்டுவிட்டால் கணக்கு சைபர் ஆகிவிடுமா? — சிம்பாங் ரெங்கம் வாசகர்

பதில்: நடுவது ஒரு நாள் வேலை, போட்டோவோடு முடிந்துவிடும். அதன் பிறகு களை எடுப்பவர் யார்? எங்கள் தோட்டத்தில் கன்று வைத்தால் பால் பார்க்க ஐந்தாறு ஆண்டு, இருபத்தைந்து முப்பது ஆண்டில் மரத்தைத் தள்ளி மறுநடவு. தள்ளிய மரம் எரிந்தாலோ மக்கினாலோ அது பிடித்து வைத்தது திரும்பக் காற்றுக்குத்தான் போகும். நடுங்கள், நல்ல காரியம், தனி வரியில் எழுதுங்கள். வெளியேற்றியதிலிருந்து கழிக்காதீர்கள்.

கேள்வி: கிராணி ஐயா, என் அப்பா வேலை செய்த தோட்டத்து மண்ணில் இப்போது ஜன்னலே இல்லாத பெரிய பெரிய கட்டடங்கள். தரவு மையமாம். நான் நடத்தும் சின்ன வெப்சைட் கம்பெனியின் சர்வரும் அப்படி ஓரிடத்தில்தான் இருக்குமாம். அது வெளிவிடும் கார்பன் என் கணக்கா, அவர்கள் கணக்கா? — செடெனாக் பக்கத்து வாசகர்

பதில்: இரண்டு பேர் கணக்கும். அவர்களுக்கு அது தாங்களே வாங்கும் மின்சாரம், ஸ்கோப் 2. உங்களுக்கு அது காசு கொடுத்து வாங்கிய சேவை, ஸ்கோப் 3இன் முதல் அறை. ஒரே புகையை இரண்டு ஏட்டில் எழுதுவது தவறில்லை, அந்த முறையே அப்படித்தான் வகுக்கப்பட்டது. நாட்டுக் கணக்கில் இரண்டையும் கூட்டினால்தான் தவறு.

அது எப்படி நம் பக்கம் வந்தது என்றால், சிங்கப்பூர் 2019இல் புதிய தரவு மையங்களுக்கு அனுமதியை நிறுத்தி வைத்தது. மின்சாரமும் நிலமும் அங்கே தட்டுப்பாடு. 2022இல் கட்டுப்பாடுகளோடு திறந்தார்கள், அதற்குள் ஜொகூரில் வேலை சூடுபிடித்துவிட்டது. கூலாய், செடெனாக், நூசாஜெயா. கூலாய் யங் தோட்டம் இருந்த இடம் இன்று தரவு மையப் பூங்கா. அந்தப் பக்கம் காரில் போகும்போதெல்லாம் நான் பால் ஸ்டோர் எங்கே இருந்திருக்கும் என்று தேடுவேன். கிழட்டு வழக்கம்.

உங்கள் சர்வர்க்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். முதலில், சர்வர் எந்த ஊரில் இருக்கிறது? இது சின்னக் கேள்வி அல்ல. சிங்கப்பூரில் மின்சாரம் பெரும்பாலும் எரிவாயுவில் உற்பத்தியாகிறது, ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.4 கிலோ. நீரிணையைத் தாண்டி நம் பக்கம் வந்தால் முக்கால் கிலோ. அமேசான் கிளவுட் 2024 ஆகஸ்டில் மலேசியாவில் தனி மையம் திறந்தது. நம் ஊரிலேயே இருக்கட்டும் என்ற பாசத்தில் சர்வரை இங்கே மாற்றினால், வேறு எதுவும் மாறாத பட்சத்தில், கார்பன் கணக்கு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். பாசத்துக்கும் கணக்குக்கும் எப்போதுமே ஆகாது.

இரண்டாவது, பியூஇ எவ்வளவு? கணினிக்கு ஒரு யூனிட் கொடுத்தால் குளிரூட்ட, விளக்குப் போட எல்லாம் சேர்த்து மொத்தம் எத்தனை யூனிட் என்ற எண் அது. 1.4 என்றால் ஒரு யூனிட் வேலைக்கு 0.4 கூடுதல் செலவு. நம் வெயிலுக்கு ஐரோப்பாக்காரர் காட்டும் எண்ணை எதிர்பார்க்காதீர்கள். மூன்றாவது, தண்ணீர். குளிர்விக்க எத்தனை தண்ணீர், குடிநீர்க் குழாயிலிருந்தா, சுத்திகரித்த கழிவு நீரா? வறட்சிக் காலத்தில் குழாயில் காற்று மட்டும் வந்த ஊர்க்காரர்கள் நாம், இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. பதில் வராவிட்டால் "கேட்டோம், பதில் வரவில்லை" என்று தேதியோடு எழுதுங்கள். அதுவும் ஒரு விவரம்தான்.

கேள்வி: பி கார்ப் சான்றிதழ் வாங்கினால் வெளிநாட்டு வாடிக்கையாளர் வருவார்களா? எங்களுடையது நான்கு பேர் கம்பெனி. — ஸ்கூடாய் வாசகி

பதில்: ஒரு கம்பெனி சமூகத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் பொறுப்பாக நடக்கிறதா என்று பார்த்து, 2006இல் அமெரிக்காவில் தொடங்கிய பி லேப் என்ற அமைப்பு கொடுப்பது. முன்பு 200க்கு 80 மதிப்பெண் எடுத்தால் போதும். அதில் ஒரு வசதி, ஒரு பக்கம் குறைந்தாலும் மறுபக்கம் ஈடுகட்டிவிடலாம். 2025இல் அதை மாற்றிவிட்டார்கள். இப்போது ஏழு தலைப்பு, ஒவ்வொன்றிலும் குறைந்தபட்சம் தேற வேண்டும். எனக்கு இது பிடித்திருக்கிறது. கணக்கில் நூறு எடுத்தவன் தமிழில் தோற்றுவிட்டு மொத்தத்தில் பாஸ் என்று சொல்ல முடியாது.

வாடிக்கையாளர் வருவார்களா என்று என்னால் சொல்ல முடியாது. நான்கு பேருக்கு அந்தச் செலவும் நேரமும் பாரம்தான். அவர்களுடைய கேள்விப் பட்டியல் இணையத்தில் இலவசம். இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து அதற்குப் பதில் எழுதுங்கள். சான்றிதழை விட, பதில் எழுத முடியாமல் நிற்கிற கேள்விகள்தான் பயன். செம்பனைத் தோட்டங்களுக்கு எம்எஸ்பிஓ என்ற நீடித்த உற்பத்திச் சான்றிதழ் 2020இல் கட்டாயமானபோது சின்னத் தோட்டக்காரர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். மருந்து டின்களைப் பூட்டி வைக்கும் பழக்கம் அதற்குப் பிறகுதான் பல இடத்தில் வந்தது.

கேள்வி: எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு நானே வெப்சைட் செய்து கொடுத்தேன், சேவையாக. எடை எட்டு எம்பி. முகப்பில் தீமிதி வீடியோ தானாக ஓடும். இதற்கும் கார்பன் கணக்குப் பார்க்க வேண்டுமா? — ரெங்கம் வாசகர், கல்லூரி மாணவர்

பதில்: கார்பனை விடுங்கள் தம்பி, ஆண்டுக்கு எத்தனை பேர் பார்க்கப்போகிறார்கள். பார்க்க வருகிறவர்கள் யார் என்று யோசியுங்கள். லயத்து வீட்டு வாசலில், ஒரே ஒரு கோடு சிக்னலில், பிரீபெய்ட் டேட்டா வைத்துக்கொண்டு, ஆறு வருஷத்துப் பழைய போனில் பாட்டி ஒருவர் திறக்கிறார். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். மூன்று முறை திறந்து பார்த்தால் 24 எம்பி போச்சு, தேதி தெரிந்தபாடில்லை. உங்கள் சேவை அவர் வரை போய்ச் சேரவில்லை.

வீடியோ தானாக ஓடுவதை நிறுத்துங்கள், தொட்டால் ஓடட்டும். படங்களைச் சுருக்கினால் ஒரு எம்பிக்குள் அடங்கிவிடும். பிறகு உங்கள் புதுப் போனில் சோதிக்காமல், கோயில் சமையல்காரர் போனை வாங்கி, தோட்டத்துக்குள்ளேயே நின்று திறந்து பாருங்கள். திருவிழாத் தேதியையும் பால்குடம் புறப்படும் நேரத்தையும் நோட்டீஸ் படமாகப் போடாமல் எழுத்தாகத் தட்டி, முதல் வரியில் வையுங்கள். அன்னதானம் எத்தனை மணிக்கு என்பதையும் அங்கேயே சேர்த்துவிடுங்கள், அதைத்தான் முதலில் தேடுவார்கள்.